றீற்றா மச்சாளுக்கு, ஒழுகும் மண்டபத்திலிருந்து

என் அன்புக்கும் வாய்ச்சண்டைக்கும் உரிய றீற்றா மச்சாளுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாரி கழிந்து மூன்றாவது மாரியும் தொடங்கிவிட்டது. இறந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் சுகம் விசாரிப்பதில்லை. நான் விசாரிக்கிறேன். அங்கே கட்டடங்கள் எப்படி இருக்கின்றன? யாராவது உங்களைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டினார்களா, இல்லை, போன கையோடு நீங்களே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்களா?

சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன். உங்கள் பொய்யை நான் ஊர் முன்னால் போட்டு உடைத்துவிட்டேன். உங்கள் தம்பி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நீங்கள் இருந்திருந்தால் மூன்று மாதம் பேசியிருக்கமாட்டீர்கள். இந்தக் கடிதத்தை மண்டபத்து அறிவித்தல் பலகையில் குத்தப்போகிறேன். ஊர் முன்னால் சொன்ன ஒன்றுக்கு விளக்கமும் ஊர் முன்னால் இருப்பதுதான் முறை.

படிக்கிறவர்களில் பாதிப்பேர் பிந்தி இடம்பெயர்ந்து வந்தவர்கள். அவர்களுக்காக உங்களைப் பற்றி உங்களுக்கே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் கணவரின் அக்கா. முல்லைத்தீவில் ஒரு கந்தோரில் கட்டடப் படம் கீறுகிற வேலை. தொண்ணூறில் சண்டை மூண்டு கந்தோர் பூட்டுப்பட்டபோது மற்றவர்கள் இனி என்ன செய்வது என்று வாசலில் நின்று யோசித்தார்கள். நீங்கள் பழைய படங்களைச் சுருட்டி ஒரு பிளாஸ்ரிக் குழாய்க்குள் செருகி, சைக்கிளில் கட்டிக்கொண்டு முள்ளிவாய்க்காலுக்கு வந்து சேர்ந்தீர்கள். அடுத்த வருசமே ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த கையோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கட்டடம் காட்டப் புறப்பட்டுவிட்டீர்கள்.

கோயில் காட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். சீமெந்துக் கட்டடம் காட்டுகிற ஆளை உங்களுக்கு முன் கண்டதில்லை. அரசர் கட்டியது ஒன்றும் உங்கள் பட்டியலில் இல்லை. எல்லாம் எங்கள் தாய் தகப்பன் காலத்திலும் எங்கள் காலத்திலும் எழும்பியவை. நடுவில் தாழ்ந்து இரண்டு பக்கமும் உயர்ந்த கூரையோடு ஒரு குடியேற்றத் திட்டத்துத் தபால்கந்தோர். யன்னல்களுக்கு மேலே வெயில் விழாமல் கொங்கிறீற் இமை வைத்த குளத்துக் கந்தோர் விடுதி. காற்றுப் போக ஓட்டை விட்டு வார்த்த கற்களால் கட்டிய சந்தைச் சுவர். எல்லாரையும் சைக்கிளை விட்டு இறக்கி, முதலில் சுவரில் கையை வைக்கச் சொல்வீர்கள். பிறகுதான் படத்தை விரிப்பீர்கள்.

"சனம் மரத்துக்குக் கீழை படுத்திருக்கு, இவா கட்டடம் காட்டித் திரியிறா" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நீங்கள் சொன்ன பதிலை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"இருக்க இடமில்லாத ஆளுக்குத்தான் நல்ல கட்டடம் எப்பிடி இருக்கும் எண்டு தெரிஞ்சிருக்க வேணும். நாளைக்கு ஆரோ வந்து நாலு தகரத்தை நட்டுப்போட்டு, இதுதான் உங்களுக்கு எண்டால், பேசாமல் வாங்கிக்கொண்டு போறதே?"

அவர்களிலேயே சிலர் அடுத்த ஞாயிறு சைக்கிளோடு வந்து நிற்பார்கள்.

நான் உங்களோடு முதன்முதல் வந்த ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? நான் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிய குடும்பத்துப் பிள்ளை. ஐயா எங்களை முதலில் நெளுக்குளத்துக்குக் கொண்டுவந்தார், பிறகு கிளிநொச்சிப் பக்கம் போனோம். பதினாறு வயதிலிருந்து கட்டட வேலைகளில் சாந்துத் தாச்சி சுமந்தேன். பிறகு கரண்டி பிடித்து மேசன் வேலையும் பழகினேன். உங்கள் தம்பி என்னைக் கட்டியபோது கரையில் பலருக்கு முகம் கோணியது. சைவக்காரி, தோட்டத்து ஆள், அதற்கு மேல் மேசன் வேலை செய்கிறவள். நீங்கள் என்னைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிறு சைக்கிளில் ஏறச் சொன்னீர்கள்.

சந்தைச் சுவருக்கு முன்னால் நின்று, அந்த ஓட்டைக் கற்களால் நிழல் எப்படி விழுகிறது என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருந்தீர்கள். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"இந்தக் கல்லெல்லாம் நான் வார்த்ததுங்க" என்றேன். "இந்தா, இந்த வரிசை முழுக்க. ஓட்டைக்குள்ள கைய விட்டு வழிச்சு வழிச்சு நகமே போயிருச்சு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் வாயடைத்து நின்றதை நான் அன்றைக்கு ஒருநாள்தான் கண்டேன். விரித்த படத்தைச் சுருட்டிக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு, "அப்ப நீயே சொல்லு மச்சாள். இனி இந்த இடத்திலை நான் கதைக்கேல்லை" என்றீர்கள். அன்றிலிருந்து அந்தச் சுவரை நான்தான் காட்டினேன். கோடு கீறியவள் நீங்கள், கல் வார்த்தவள் நான் என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிளில் எத்தனை ஊர் திரிந்தோம்.

கிளிநொச்சி அடிபட்டு முடிந்த பிறகும் நீங்கள் விடவில்லை. பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு போய், குளத்துக் கந்தோர் விடுதி இருந்த வெறும் வெட்டையில் நிறுத்தி, படத்தை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தீர்கள். ஒரு கமக்காரர், "பிள்ளை, இதிலை பார்க்க என்ன கிடக்கு?" என்று கேட்டார். "அத்திவாரம் கிடக்கு ஐயா. அளந்து பார்ப்பம், வாங்கோ" என்று அவர் கையிலேயே நாடாவின் ஒரு முனையைக் கொடுத்தீர்கள். அவர் அளந்தார். படத்தில் இருந்த அளவும் நிலத்தில் இருந்த அளவும் சரியாக இருந்தன. அந்த மனுசன் திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். நீங்கள் கூட்டிப்போன எல்லாப் பயணமும் வந்து முடிகிற இடம் எங்கள் கரைச் சங்க மண்டபம். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு வளைந்து போகிற கொங்கிறீற் கூரை, தடிப்பு மூன்று விரல். அறுபதுகளில் கொழும்பு எஞ்சினியர் ஒருவர் படம் கீறினார். கொங்கிறீற் கொட்டுவதற்கான பலகை அச்சைச் செய்தவர்கள் இங்கே வள்ளம் கட்டுகிற ஓடாவிமார். தலைமை ஓடாவி உங்கள் அப்பு, என் மாமா. அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு பலகையின் பதிவும் இன்றைக்கும் தெரியும். அதைக் காட்டும்போது மட்டும் உங்கள் குரல் கொஞ்சம் இறங்கும்.

கூரையின் உட்பக்கத்து உச்சியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஒரு நீட்டுப் பள்ளம் ஓடுகிறது. மாரியில் அதன் வழியே தண்ணீர் சொட்டும். நீங்கள் மாரியில் ஒருநாளும் பயணம் வைத்ததில்லை. கேட்டால் ரோட்டெல்லாம் சேறு என்பீர்கள்.

முதலாவது பயணத்திலேயே ஒரு வாத்தியார் அந்தப் பள்ளத்தைக் கண்டு, "இது என்ன கண்றாவி வேலை, ஆர் செய்தது?" என்று சிரித்தாராம். மாமா அந்த நேரம் பின் வரிசை வாங்கில் இருந்தாராம். நீங்கள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அது குண்டு விழுந்த அதிர்ச்சியிலை வெடிச்சது, சேர்" என்றீர்கள். வாத்தியார் தலையாட்டினார். யார்தான் நம்பமாட்டார்கள்? இந்த ஊரில் உடைந்தது எல்லாம் குண்டால்தானே உடைந்தது. அன்றிலிருந்து எட்டு வருசம், வந்த எல்லாருக்கும் அதையே சொன்னீர்கள்.

இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம் ஒன்றை மண்டபத்தில் நடத்துவதென்று முடிவான வருசம், சுண்ணாம்பு அடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். சாரம் கட்டி உச்சிக்கு ஏறி, அந்தப் பள்ளத்துக்குள் விரலை விட்டேன். வெடிப்பு என்றால் விளிம்பு சொரசொரவென்று கல்லும் மண்ணுமாக இருக்கும். இது வழுவழுவென்று இருந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே மரத்தின் ரேகை பதிந்திருந்தது. ஒரு இடத்தில் மரக்கணுகூடத் தெரிந்தது.

இறங்கி வந்து உங்களிடம் கேட்டேன். "குண்டு வெடிச்ச வெடிப்புக்குள்ளை மரக்கணு எப்பிடி வந்தது மச்சாள்?"

"உன்ரை வேலை சுண்ணாம்பு அடிக்கிறது. அதைச் செய்" என்றீர்கள். பிறகு இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு மத்தியானம், குசினியில் நான் மீன் வெட்டிக்கொண்டிருக்க, நீங்களாக வந்து பலகையில் குந்திச் சொன்னீர்கள். ஓடாவி எதைக் கட்டினாலும் ஏராவில்தான் தொடங்குவான். ஏரா என்றால் வள்ளத்தின் அடியில் நீளத்துக்கு ஓடுகிற பெரிய கட்டை, மற்ற எல்லாம் அதில்தான் பொருத்தப்படும். எஞ்சினியரின் படத்தில் வளைவு மட்டும்தான் இருந்தது. மாமாவும் ஆட்களும் அதைப் பார்த்து, கவிழ்த்துப் போட்ட வள்ளம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஏராவை வைத்து, அதிலிருந்து பலகை இறக்கி, அச்சைக் கட்டி முடித்தார்கள். உச்சியில் ஏரா துருத்திக்கொண்டு நின்றது. ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. அதற்கு மேலேயே கொங்கிறீற்றைக் கொட்டினார்கள். மூன்று விரல் தடிப்பு விழவேண்டிய உச்சியில் ஒரு விரல் தடிப்புத்தான் விழுந்தது; ஏரா நின்ற இடம் அடியில் பள்ளமாகப் பதிந்தது.

அச்சைக் கழற்றிய அன்றைக்கு எஞ்சினியர் வந்து நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாராம். அளந்தாராம், கணக்குப் போட்டாராம். "விழாது. ஆனால் ஒழுகும்" என்றாராம். பள்ளத்தைச் சாந்தால் நிரப்பி மறைத்தார்கள். முப்பது வருசம் அது மறைந்துதான் இருந்தது. தொண்ணூறில் பக்கத்தில் குண்டு விழுந்தபோது கொட்டுப்பட்டது அந்தச் சாந்து மட்டும்தான்.

"அப்பு இருக்கேக்கை, அவற்றை முகத்துக்கு முன்னாலை, அது அவற்றை பிழை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றீர்கள். "நான் இருக்கும்வரைக்கும் நீ இதைச் சொல்லப்படாது. சத்தியம் பண்ணு."

மீன் கையோடு சத்தியம் பண்ணினேன்.

ஒன்று கேட்கிறேன் மச்சாள். நீங்கள் அந்தப் பொய்யைச் சொன்ன நாளிலிருந்து சாகும்வரைக்கும் மாமா மண்டபத்துக்குள் காலே வைக்கவில்லை என்று உங்கள் தம்பி ஒருநாள் சொன்னார். நீங்கள் அவரைக் காப்பாற்றியதாக நினைத்தீர்கள். அவருக்கும் அப்படித்தான் இருந்ததா? பின் வாங்கிலிருந்து எழும்பி, நான்தான் செய்தேன் என்று சொல்ல அவருக்கு ஒரு ஆசை இருந்திருக்காதா? நீங்கள் அவரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா?

பிறகு அந்த மலேரியா வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காத்திருக்க, காய்ச்சல் தலைக்கேறி, நீங்கள் ஐந்தாம் நாள் போய்விட்டீர்கள். எனக்கு இன்னும் கோபம். மருந்தை வரவிடாதவர்கள் மேல் கோபம், நுளம்பு வலை இல்லாமல் படுத்த உங்கள் மேலும் கோபம். வலையை யாரோ கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கும் கோபம்தான்.

இந்த ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் நடக்கும்போது உச்சியிலிருந்து மிச்சமிருந்த சாந்துத் துண்டு ஒன்று விழுந்து ஒரு பிள்ளையின் சிலேற் உடைந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சங்கச் செயலாளர் அவசரக் கூட்டம் வைத்தார். அவர் கெட்ட மனுசன் இல்லை. நீங்கள் போன பிறகு வந்தவர், இரண்டு முறை வீட்டை இழந்தவர், பிள்ளைகளில் உண்மையான அக்கறை உள்ளவர்.

"குண்டிலை வெடிச்ச கூரை. இண்டைக்கு சிலேற்றிலை விழுந்தது, நாளைக்குத் தலையிலை விழும். இடிச்சால் உள்ளுக்குள்ளை இருக்கிற கம்பியைக் கிணத்துக்கும் மலகூடத்துக்கும் எடுக்கலாம். சீமெந்து வராத நேரத்திலை இதை விட்டால் வேறை வழியில்லை" என்றார்.

நான் எழும்பி, அது குண்டில் வெடித்தது இல்லை என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். "தங்கச்சி, உங்கடை மச்சாளே ஊரெல்லாம் அப்பிடித்தானே சொல்லிக்கொண்டு திரிஞ்சவாவாம். அவா படம் கீறின ஆள். அவாவுக்குத் தெரியாததோ?"

பாருங்கள் மச்சாள். நீங்கள் எட்டு வருசம் காட்டிக் காட்டி வளர்த்த மண்டபம், நீங்கள் சொன்ன ஒரு சொல்லால் இடிபடப்போகிறது. மண்டபம் நிறைய ஆட்கள். உங்கள் தம்பி முன் வாங்கில் இருந்தார். என் மகளும் அதே கூரைக்குக் கீழேதான் படிக்கிறாள். நான் பிழையாக இருந்தால் விழுகிறது அவள் தலையிலும்தான். ஆனால் நான் விரல் வைத்துப் பார்த்தவள். நீங்கள் இருக்கும்வரை என்றுதானே சத்தியம் கேட்டீர்கள்? நீங்கள் இல்லை.

"அவாவுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பொய் சொன்னவா" என்றேன். "அந்தப் பள்ளம் என்ரை மாமாவும் ஆக்களும் விட்ட பிழை. கட்டின அண்டையிலை இருந்து இருக்கு. முப்பது வருசத்துக்கு மேலை நிண்ட கூரை, குண்டுக்கும் அசையாத கூரை. அதை நீங்கள் ஒரு பொய்யை நம்பி இடிக்கப்போறியள்."

உங்கள் தம்பி எழும்பி, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

"நம்பாட்டில் ஏறிப் பாருங்கோ அண்ணை" என்று செயலாளரிடம் சொன்னேன். ஏணி வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஏறினார். பள்ளத்துக்குள் விரலை விட்டு, இந்த முனையிலிருந்து எட்டின தூரம் வரைக்கும் இழுத்தார். வெளிச்சம் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். அந்த மரக்கணுவை நான் சொல்லாமல் அவரே கண்டுபிடித்தார்.

இறங்கி வந்து, "வெடிப்பில்லை எண்டது சரி" என்றார். "ஆனால் ஒழுகுதே, தங்கச்சி. ஒழுகிற தண்ணி கம்பியைத் தின்னும். அடைக்கச் சீமெந்துமில்லை, பூசத் தாருமில்லை. முதல் மழை வரைக்கும் பொறுப்பம். அதுக்குள்ளை ஒரு வழி சொல்லாட்டில் இடிக்கத்தான் வேணும்."

வீட்டில் உங்கள் தம்பி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிடுவார், கோப்பையைக் கழுவி வைப்பார், கடலுக்குப் போவார். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு நான் என்ன செய்தேன்? இருந்தாலும் மூன்றாம் நாள் குசினிக்குள் போய் அழுதேன், அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நாலாம் நாள் காலை அவரைக் காணவில்லை. வள்ளம் கரையில்தான் கிடந்தது. தேடிக்கொண்டு போனால், மண்டபத்துக் கூரைக்கு மேலே ஏறி உச்சியில் குந்திக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பஞ்சுத் திரியும், குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய சட்டியும். வள்ளத்தின் பலகை இடுக்கில் தண்ணீர் வராமல் கடற்கரையில் அடைப்பார்களே, கலப்பத்துப் பார்ப்பது என்று, அந்த வேலையைக் கொங்கிறீற்றில் செய்துகொண்டிருக்கிறார். ஒரு விரல் தடிப்பில் ஓடிய மயிரிழைப் பிளவை மெதுவாகக் கீறி, திரியை வைத்து அடித்து, மேலே காய்ச்சியதை ஊற்றுகிறார்.

நான் கீழே நின்று, "இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்?" என்றேன்.

"அப்பு பிழை விட்டவர் எண்டு சனத்துக்கு முன்னாலை சொன்னனீ எல்லே" என்றார், திரும்பிப் பார்க்காமல். "அவர் வள்ளம்தான் கட்டினவர். வள்ளம் எண்டால் வருசம் ஒருக்காக் கலப்பத்துப் பார்க்கவேணும். முப்பது வருசமாய் ஒருத்தரும் பார்க்கேல்லை. பிழை ஆருடையது எண்டு இப்ப சொல்லு."

ஏணியில் ஏறிப் போய்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் பாதி தூரம் அடைத்தோம். அடுத்த நாள் மற்ற ஓடாவிமாரின் பிள்ளைகளும் திரியோடு வந்தார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை.

போன ஞாயிறு நான் பயணம் வைத்தேன். மழை நாள் பார்த்து வைத்தேன். சேறுதான், சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். வேறு இடம் ஒன்றுக்கும் போகவில்லை, மண்டபம் மட்டும்தான். சுவரில் கையை வைக்கச் சொன்னேன். பிறகு பள்ளத்தைக் காட்டி, யார் செய்தது, எப்படிச் செய்தது, ஏன் அவர்களுக்கு அது பிழையாகத் தெரியவில்லை, யார் அதை மறைத்தது என்று எல்லாம் சொன்னேன். மாமாவின் பெயரை உரக்கச் சொன்னேன். உங்கள் பெயரையும் சொன்னேன். மழை பிடித்தது. நாற்பது பேர் அண்ணாந்துகொண்டு நின்றோம். செயலாளரும் நின்றார்.

நெடுநேரம் ஒன்றும் விழவில்லை. பிறகு கிழக்கு முனையில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மறைக்கமாட்டேன் மச்சாள், ஒழுகியது. எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். உங்கள் தம்பி, "அந்த முனை இன்னும் ஒருக்காப் பார்க்கவேணும்" என்றார், வள்ளத்தைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

செயலாளர் ஒரு வாங்கைத் தள்ளிவிட்டு, சொட்டு விழுகிற இடத்தில் வாளியை வைத்தார். சங்கக் கொப்பியை எடுத்து மேசையில் விரித்தார். "வருசா வருசம் பார்க்கிறதெண்டால் ஒருத்தர் பொறுப்பெடுக்க வேணும். ஆற்றை பேரை எழுத?"

கரையில் பிறந்த ஆண்கள் அத்தனை பேர் நின்றார்கள். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். நான் போய்ப் பேனையை வாங்கி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பழகிய என் குண்டுக் கையெழுத்தில் என் பெயரை நானே எழுதினேன். ஒருவருக்கும் முகம் கோணவில்லை. கோணியிருந்தாலும் எழுதியிருப்பேன்.

ஆகவே இது என் வாக்கு. இனி ஒவ்வொரு மாரிக்கு முன்னும் இந்தக் கூரையை நான் கலப்பத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு மாரியிலும், மழைக்குள்தான், ஆட்களைக் கூட்டிவந்து காட்டுவேன். சண்டை வந்தாலும் சமாதானம் வந்தாலும் இதை இடிக்க வருகிறவன் முதலில் ஏணியில் ஏறி விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னோடு கதைக்கவேண்டும். உங்களுக்குக் கோபம் என்றால் கோபமாகவே இருங்கள். மாமாவைக் கண்டால் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: அவர் கட்டியது என்ன என்று இப்போது எல்லாருக்கும் தெரியும், அவர் உள்ளே வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் பொய்யை உடைத்து உங்கள் மண்டபத்தை வைத்திருக்கிற,
உங்கள் தம்பியின் பெண்சாதி, உங்கள் மச்சாள்
பார்வதி